ஒரு செப்புக் காசும் நம் வரலாற்றுணர்வும்

மதுரையைத் தலைநகராகக் கொண்டு 14ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 45 ஆண்டுக் காலம் முஸ்லிம் சுல்தான்களின் ஆட்சி நடைபெற்றது. அரபு, பாரசீக நூல்கள் ‘மஅபர்’ என்று குறிப்பிடும் நாடு அது. அவ்வாட்சியைப் பற்றி நம் சமுதாயத்தாரிடம் பேச்செடுத்தால் பெரும்பாலும் இருவகை மறுமொழிகளே கிடைக்கின்றன. ஒரு சாரார், “மதுரையையே நாம் ஆண்டோம்” என்று மார்தட்டுகின்றனர். மறுசாரார் அப்பேச்சை எடுக்கவே கூசி, வேறு பொருளுக்குத் தாவிவிடுகின்றனர். இவ்விரு நிலைகளுமே பொருந்தாதவை என்பது என் துணிபு. சென்னையில் நடைபெற்ற ஒரு நாணயக் கண்காட்சியில், பல்லாண்டுகளாக நான் தேடிக்கொண்டிருந்த ஒரு செப்புக் காசு என் கைக்கு வந்தது. என் துணிபுக்கு அக்காசு துணை நிற்பதாகக் கருதுவதால், அதனை முன்வைத்துச் சில கருத்துகளைத் தமிழ்த்துறை மலர் வழியே மாணவர்க்கும் பெரியோர்க்கும் தெரிவிக்க விழைகிறேன்.

காசைக் கூறுமுன் காலத்தைக் கூறவேண்டும். 1323இல் உலூக் கானின் படையெடுப்பால் பாண்டிய நாடு டில்லியின் ஒரு மாகாணமாயிற்று. பின்னர் முகமது பின் துக்ளக் என்னும் பெயரில் அரியணை ஏறியவர் அந்த உலூக் கானே. அவருடைய ஆளுநராக மதுரையில் இருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் கான், 1330களின் நடுவில் டில்லியின் மேலாண்மையை உதறித் தம்மைச் சுல்தானாக அறிவித்துக் கொண்டார். அவரைத் தண்டிக்கப் புறப்பட்ட துக்ளக்கின் படை வாரங்கல்லை எட்டியபோது கொள்ளைநோய்க்கு இரையாயிற்று. துக்ளக்கும் நோயுற்றுத் திரும்பினார். மதுரை தனியரசாக நிலைத்தது. அஹ்ஸன் ஷாவோ ஐந்தாண்டுகளுக்குள் தம் பெருமக்களுள் ஒருவராலேயே கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்தவர் ஒரு போர்க்களத்தில் அம்பு பட்டு மாண்டார். அதற்கடுத்தவர் நாற்பது நாள் ஆண்டார். பின்னர் வந்தவர் கியாதுத்தீன் தாமகானி. இவர் காலத்தில்தான் உலகப் பயணியாகிய இப்னு பதூதா மாலத்தீவிலிருந்து இலங்கை வழியாக வந்து, மஅபர்க் கரையோரம் கப்பல் சேதமுற்று, மதுரைக்கு வந்து சேர்ந்தார். சுல்தானும் அவரும் சகலர்கள். இருவருமே அஹ்ஸன் ஷாவின் மகள்களை மணந்தவர்கள். எனவே இப்னு பதூதா எழுதிவைத்தது பகைவர் எழுதிய பழிச்சொல் அன்று. உறவினர் எழுதிய சான்று. இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்கு மீண்டும் வரவேண்டியிருக்கிறது.

இப்னு பதூதா மதுரையை நீங்கிய பின்னர், ஏடுகள் இந்நாட்டைப் பற்றி ஏறக்குறைய வாய்மூடிவிடுகின்றன. நாஸிருத்தீனுக்குப் பிறகு ஆண்டவர் யாவர், எந்த ஆண்டில் ஆண்டனர் என்பதை நாம் அறிவது பெரும்பாலும் காசுகளாலேயே. ஆதில் ஷா, ஃபக்ருத்தீன் முபாரக் ஷா, அலாவுத்தீன் சிக்கந்தர் ஷா என்னும் மூவரையும் மண்ணுக்குள்ளிருந்து மீட்டுத் தந்தவை கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரிய செப்புத் துண்டுகள். ஹிஜ்ரி 745ஆம் ஆண்டுக்கும் 757ஆம் ஆண்டுக்கும் இடையே காசுத் தொடர் அறுந்து கிடக்கிறது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் மதுரையில் நடந்ததைச் சொல்ல வேறு எவரும் இல்லாததால், காசின் மௌனமே அங்கு வரலாற்றின் மௌனமாகிவிட்டது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. இஸ்லாமிய அரசியல் மரபில் ஒருவர் ஆட்சியாளர் என்பதற்கு இரண்டு அடையாளங்கள் கொள்ளப்பட்டன: வெள்ளிக்கிழமைக் குத்பாவில் அவர் பெயர் ஓதப்படுதல், ‘சிக்கா’ எனப்படும் காசில் அவர் பெயர் பொறிக்கப்படுதல். குத்பாவின் ஒலி காற்றோடு போயிற்று. சிக்கா மண்ணில் தங்கிற்று. மேலும், உமையாக் கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் பொற்காசுகளில் உருவங்களை நீக்கி எழுத்துகளை மட்டுமே பொறிக்கும் முறையைக் கொணர்ந்ததிலிருந்து, முஸ்லிம் அரசுகளின் காசு பெரும்பாலும் படிக்க வேண்டிய ஒன்றாயிற்று. நம் நாட்டுப் பழங்காசுகளில் மீனும் புலியும் வில்லும் யானையும் பேசும். சுல்தான்களின் காசுகளிலோ பெயரும் பட்டமும் ஆண்டும் பேசும். ஆண்டு என்பதுதான் பெரும்பேறு. சோழர் காசில் மன்னன் பெயர் இருக்கும், ஆண்டு இராது. மதுரைச் சுல்தான்களின் காசுகளில் பலவற்றில் ஹிஜ்ரி ஆண்டு எண்களில் உள்ளது. அதனை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் கிறித்துவ ஆண்டு ஏறத்தாழக் கிடைத்துவிடும். கணக்கில் பிழை வந்தாலும் ஓராண்டுக்கு மேல் போகாது.

நான் தேடியது ஹிஜ்ரி 779ஆம் ஆண்டுக் காசு. கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு அது கி.பி. 1377-78 என்பது விளங்கும். சிக்கந்தர் ஷாவின் காசுகளுள், ஏன் மதுரைச் சுல்தான்களின் காசுகள் அனைத்தினுள்ளும், காலத்தால் கடைசியானது அவ்வாண்டுக் காசு. அதன் அருமை அது கடைசி என்பதில் மட்டும் இல்லை. விசயநகர மன்னர் முதலாம் புக்கரின் மைந்தர் குமார கம்பணர் மதுரைமீது படையெடுத்து வெற்றி கொண்டதை, அவர் தேவியாராகிய கங்காதேவி ‘மதுரா விசயம்’ என்னும் வடமொழிக் காவியமாகப் பாடினார். சுல்தானைக் கம்பணர் நேர்நின்று பொருது வீழ்த்தியதாக அக்காவியம் கூறுகிறது. திருவரங்கத்தில் அரங்கநாதர் திருமேனி மீண்டும் எழுந்தருளுவிக்கப்பட்டதைக் குறிக்கும் கல்வெட்டு சக ஆண்டு 1293, அதாவது கி.பி. 1371-72ஐச் சேர்ந்தது. பாடப்புத்தகங்களில் இதனோடு மதுரைச் சுல்தானகம் முடிந்துவிடும். ஆனால் அதற்குப் பின்னும் ஆறேழு ஆண்டுகள் ஒருவர் சுல்தான் என்ற பட்டத்தோடு காசு அடித்துக்கொண்டிருந்தார் என்று செம்பு சொல்கிறது.

அவர் எந்த ஊரிலிருந்து ஆண்டார், எவ்வளவு நிலம் அவர் வசம் இருந்தது, காவியம் வீழ்த்தியதாகப் பாடும் சுல்தான் இவரா இவர்க்கு முன்னவரா என்பன குறித்து வரலாற்றறிஞர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. இறுதி வீழ்ச்சி 1378 அளவில் நேர்ந்தது என்பர். எப்படியாயினும், ‘ஒரே போரில் ஓர் அரசு முடிந்தது’ என்னும் எளிய கதை இச்செப்புத் துண்டின்முன் நிற்கவில்லை. வெற்றி பெற்றவர் பாடியதும் தோற்றவர் அடித்ததும் ஆகிய இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் பழக்கம் நமக்கு வேண்டும் என்று வகுப்பறையில் பல ஆண்டுகளாகச் சொல்லிவருபவன், அக்காசை ஒருமுறையேனும் கையிலேந்திப் பார்க்க விழைந்தது இயல்பே.

இனிக் கண்காட்சிக்கு வருவோம்.

ஒரு திருமண மண்டபம். மணமேடை இருக்கவேண்டிய இடத்தில் பதாகை; பந்தி நடக்கும் கூடத்தில் வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் கண்ணாடி மூடிய தட்டுகள், காசுகளைச் செருகிய நெகிழி ஏடுகள், கைக்குள் அடங்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி, சிறு மின்தராசு. வடநாட்டிலிருந்து வந்த வணிகர்கள் பத்துக்குப் பாதியேனும் இருப்பர். ஒரு மூலையில் காசுகளைக் குவியலாகக் கொட்டி எடைக்கு விற்றுக்கொண்டிருந்தனர். பள்ளிச் சிறுவர்கள் அதனைச் சுற்றிக் குந்தியிருந்து, புதுக்கோட்டை அம்மன் காசுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தனர். ஒரு பக்கம் பிரகதாம்பாளும் மறுபக்கம் தெலுங்கெழுத்தில் ‘விஜய’ என்ற சொல்லும் தாங்கிய அக்குட்டிக் காசுதான் தமிழகத்துச் சிறுவர் பலருக்கு நாணயவியலின் அரிச்சுவடி. அக்காட்சி மனத்துக்கு மகிழ்வூட்டிற்று.

மகிழ்வூட்டாத காட்சிகளும் இருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் ஒருபுறம், இராமர் பட்டாபிஷேகம் மறுபுறம் எனப் பொறித்த செப்பு வில்லைகளைப் பழங்காசு என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தார் ஒருவர். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. இத்தகைய வில்லைகளுக்கு அதிசய ஆற்றல் உண்டென்று நம்பவைத்து, அரிசியை ஈர்க்கும் என்றும் இரிடியம் கலந்தது என்றும் கூறி, இலட்சக்கணக்கில் பறிக்கும் கூட்டங்கள் காவல்துறையிடம் சிக்குவதை நாளேடுகளில் படிக்கிறோம். பக்தியுள்ளவர்க்கு இது வலை என்றால், நம்மவர்க்கு வேறொரு வலை அடுத்த மேசையிலேயே விரிக்கப்பட்டிருந்தது. வரிசை எண்ணின் ஈற்றில் 786 என்று முடியும் பத்து ரூபாய்த் தாளைப் பன்மடங்கு விலைக்கு விற்றுக்கொண்டிருந்தனர். வாங்கியவர்களுள் தொப்பியணிந்த பெரியவர்களும் இருந்தனர். அச்சகத்து எந்திரம் வரிசையாக இட்ட எண் அது. அதில் பரக்கத்தைத் தேடுவதற்கு மார்க்கத்தில் ஆதாரம் ஏதும் உண்டா என்று அவர்கள் தம் ஊர் ஆலிம்களைக் கேட்டுக்கொள்வார்களாக.

எடைக்குக் கொட்டிய குவியலில் மற்றொன்றையும் கண்டேன். கலிமா பொறித்த தேய்ந்த காசுகள் ஒன்றிரண்டு, தரையில் விரித்த துணியின்மேல், வருவோர் போவோர் காலடியில் கிடந்தன. காசு தூய்மையற்ற கைகளிலும் இடங்களிலும் புழங்குவதால் கலிமாவை இனிக் காசில் பொறிக்க வேண்டா என்று ஔரங்கசீப் ஆணையிட்டதை வரலாற்றில் படித்திருக்கிறோம். அவர் ஆட்சியின் ஏனைய செயல்களைப் பற்றி எவ்வளவோ வாதிடலாம். இவ்வொன்றின் நியாயம் அந்தத் தரைத்துணியின் முன் நின்றபோது எனக்குப் புலப்பட்டது. வணிகரிடம் சொன்னேன். அவர் மறுப்பேதும் கூறாமல் அவற்றைப் பொறுக்கியெடுத்து மேசைமேல் வைத்தார்.

நான் தேடியது அன்று மாலையில்தான் கிடைத்தது. தென்மாவட்டங்களில் காசு திரட்டி விற்கும் ஒருவருடைய மேசையில், நாயக்கர் காசுகளோடும் சேதுபதி காசுகளோடும் கலந்து, ‘துருக்கர் காசு’ என்ற பொதுப்பெயரில் முப்பது நாற்பது காசுகள் ஒரு தட்டில் கிடந்தன. இவற்றைப் படித்துப் பிரிப்பார் அதிகம் இல்லை. தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்று பொறித்த சங்ககாலப் பாண்டியர் காசினை ஆர். கிருஷ்ணமூர்த்தி 1980களில் கண்டறிந்து வெளியிட்ட பின்னர், சங்ககாலக் காசுகளைத் தேடுவோர் பெருகினர். அது தமிழுக்கு நேர்ந்த நற்பேறு. ஆனால் அரபெழுத்துக் காசுகளைத் தமிழகத்தில் திரட்டுவோர் அவ்வெழுத்தைப் படிக்க அறியார். அவ்வெழுத்தைப் படிக்க அறிந்த நம் மதரஸா மாணவர்களோ காசுகளைத் திரட்டார். இந்த இடைவெளிக்குள் எத்தனை காசுகள் உருகிப் போயினவோ!

ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடியில் பார்த்தேன். இக்காசுகளைப் படிப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பொறிக்கும் அச்சு பெரியது. செப்பு வில்லை சிறியது. ஆகவே எழுத்துகளின் ஓரங்கள் வில்லைக்கு வெளியே விழுந்துவிடும். ஒரு காசில் பெயரின் முற்பாதி, இன்னொன்றில் பிற்பாதி என்றுதான் கிடைக்கும். ஆண்டு எண் விளிம்போரம் இருந்தால் பெரும்பாலும் ஓர் இலக்கமாவது வெட்டுண்டு போயிருக்கும். அரபு எண்களில் ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் வேறுபாடு தலையிலுள்ள வட்டம்தான். வட்டம் வெட்டுண்டால் ஒன்பதை ஒன்றென்று படிக்க நேரும். ஓர் இலக்கத்தின் தலை போனால் எட்டாண்டு வரலாறு போயிற்று.

என் கையில் சிக்கிய காசில் ‘சிக்கந்தர்’ என்ற பெயர் தெளிவாக இருந்தது. ஏழு, ஏழு என்று இரண்டு இலக்கங்கள் கூரிய கோணங்களாக நின்றன. மூன்றாவது இலக்கம் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதன் வட்டத்தில் பாதி வில்லைக்குள் இருந்தது. அந்தப் பாதி போதும். விலை 900 ரூபாய் என்றார் வணிகர். பேரம் பேச மனம் வரவில்லை. பின்னர் எம் கல்லூரி அரபுத் துறைப் பேராசிரியரிடம், என் கருத்தைச் சொல்லாமலே அதனைக் காட்டினேன். கண்ணாடியை இருமுறை துடைத்துக்கொண்டு பார்த்தவர், 779 என்றார்.

கண்காட்சியில் நடந்த ஓர் உரையாடலே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று எனலாம். நான் காசை வாங்கியதைக் கண்டு அருகே வந்த ஓர் இளைஞர், பட்டப்படிப்பு முடித்தவர், சிக்கந்தர் ஷா என்ற பெயரைக் கேட்டதும் பரபரப்படைந்தார். “ஐயா, திருப்பரங்குன்றம் மலைமேல் அடங்கியிருப்பவர் இவர்தாமே? இந்தக் காசு ஒன்றே போதுமே, இதைக் கொண்டுபோய்க் காட்டலாமே” என்றார். அம்மலையைப் பற்றி 2025ஆம் ஆண்டில் எழுந்த பூசல்களையும் வழக்குகளையும் அறிந்தவர்க்கு அவ்விளைஞரின் பதைப்பு விளங்கும். அவருடைய வலியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அவர் கேட்டதற்கு நான் உடன்படவில்லை.

அக்காசு சொல்வது இவ்வளவே: ஹிஜ்ரி 779இல் சிக்கந்தர் ஷா என்ற பெயருடைய ஒருவர் சுல்தான் என்ற பட்டத்தோடு இருந்தார். அவர் எங்கே இறந்தார், எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பதைக் காசு சொல்லவில்லை. எந்தக் காசும் சொல்லாது. மலைமேலுள்ள சிக்கந்தர் பாதுஷா தர்காவைப் பற்றி மக்களிடையே ஒன்றுக்கு மேற்பட்ட மரபுகள் வழங்குகின்றன. மதுரையின் கடைசிச் சுல்தான் அவரே என்பது ஒன்று. ஏர்வாடியில் அடங்கியுள்ள சுல்தான் செய்யிது இபுறாஹீம் ஷஹீது அவர்களோடு வந்த துணைவர் அவர் என்பது மற்றொன்று. இரண்டாம் மரபின்படி அவர் காலம் மதுரைச் சுல்தானகத்துக்கும் முந்தியது. ஒரு மரபை நம்புகிறவர் மற்றதை நம்ப இயலாது. அங்கே காசைக் கொண்டுபோய் நீட்டினால், நாம் போற்றும் மரபுகளுள் ஒன்றை நாமே வெட்டுகிறோம். அதற்கும் மேலாக, ஒரு சான்றை அது சொல்லாததைச் சொல்லும்படி வற்புறுத்துவது பொய்ச்சாட்சிக்கு நெருங்கிய செயல். பொய்ச்சாட்சி எவ்வளவு பெரிய பாவம் என்பதை நம் மாணவர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மலையைப் பற்றிய உரிமைகள் ஆவணங்களாலும் நீதிமன்றங்களாலும் முடிவு செய்யப்பட வேண்டியவை. அதற்கு நம் தரப்பில் ஆவணங்கள் இருக்கின்றன. காசு வேண்டியதில்லை.

இனி, ‘நாம் ஆண்டோம்’ என்னும் பெருமிதத்தைப் பற்றி. யார் அந்த ‘நாம்’? மதுரைச் சுல்தான்கள் டில்லிப் படையோடு வந்த தளபதிகள். தமிழ் முஸ்லிம்களின் வேர் அவர்களுக்கு ஐந்நூறு ஆண்டுகளேனும் மூத்தது. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் கூஃபி எழுத்தில் சாட்சிக் கையொப்பங்கள் உள்ளன. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் ‘சோனகன்’ என்ற சொல் பயில்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர், கடற்கரைப் பட்டினத்துச் சோனகர் பள்ளிக்குக் கொடையளித்ததைத் திருப்புல்லாணிக் கோயில் கல்வெட்டு கூறுகிறது. ஒரு வைணவத் திருப்பதியின் சுவரில் ஒரு பள்ளிவாசலின் கொடை! காயலில் குதிரை வாணிகம் செய்த அரபியர்க்குப் பாண்டியர் அவையில் இருந்த மதிப்பைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் விரித்துரைக்கிறார். இவையெல்லாம் மதுரையில் சுல்தான் என்று ஒருவர் தோன்றுவதற்கு முற்பட்டவை. வாளோடு வந்தவர்களை நம் முன்னோராக வலிந்து ஏற்று, தோணியோடும் துலாக்கோலோடும் வந்து மண்ணோடு கலந்த உண்மை முன்னோரை மறப்பது என்ன அறிவுடைமை?

மேலே இப்னு பதூதாவைப் பற்றிக் கூறியதற்கு இங்கு மீள்கிறேன். சிறைப்பட்ட எளிய மக்களையும், பெண்களையும் குழந்தைகளையும் கூட, கியாதுத்தீன் கொல்வித்த முறையைக் கண்ணாரக் கண்டு, வேறெந்த மன்னரிடமும் தாம் காணாத கொடுமை என்று வெறுத்து எழுதியவர் அவருடைய சகலரேயாகிய, டில்லியிலும் மாலத்தீவிலும் காளியாராக இருந்த, அந்த முஸ்லிம் அறிஞர்தாம். அறுநூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு காளி அரண்மனையில் விருந்துண்டும் உண்மையை எழுத அஞ்சவில்லை. இன்று நாம் அஞ்சுவானேன்? அஹ்ஸன் ஷா தம் காசில் தம்மை ஏழை எளியோரின் தந்தை என்று பொறித்துக்கொண்டதையும் அவரே குறிப்பிடுகிறார். பொறித்துக்கொள்வது எளிது.

கூசி ஒதுங்குவோர்க்கும் ஒரு சொல். கொடுமை அக்காலத்து அரசுகளின் பொதுநோய். அதற்கு மதம் பூசுவது நம்மைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த விரும்புவோரின் வேலை. அக்காலத்து விசயநகர வேந்தரே ‘இந்துராய சுரத்ராண’ என்ற பட்டத்தைத் தாங்கினர். சுரத்ராண என்பது சுல்தான் என்ற சொல்லின் வடமொழி வடிவம். பகைவனின் பட்டத்தைத் தன் பட்டமாகச் சூடிக்கொள்ளும் அளவுக்கு அவ்விரு உலகங்களும் கலந்திருந்தன. 1378இல் செத்துப்போன ஓர் அரசுக்காக 2000க்குப் பின் பிறந்த ஒரு மாணவன் தலைகுனிய வேண்டிய தேவை எள்ளளவும் இல்லை.

தமிழ்த்துறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. நானறிந்த மதுரைச் சுல்தான் காசு எதிலும் ஒரு தமிழெழுத்துக்கூட இல்லை. நாற்பத்தைந்து ஆண்டு தமிழ் மண்ணில் ஆண்டும், சந்தையில் அக்காசைக் கையாண்ட தமிழனுக்கு அது படிக்க முடியாத தாளாகவே இருந்தது. புதுச்சேரியில் வாணிகம் செய்த பிரெஞ்சுக்காரர் தம் செப்புக் காசில் ‘புதுச்சேரி’ என்று தமிழில் பொறித்தனர். ஆங்கிலக் கம்பெனி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் அடித்த வெள்ளி அரை வராகனிலும் தமிழுக்கும் தெலுங்குக்கும் இடமளித்தது. வணிகர்களுக்குத் தெரிந்தது தளபதிகளுக்குத் தெரியவில்லை. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் முழுமையாகக் கிடைக்கும் முதல் நூலாகிய ‘ஆயிர மசலா’ 1572இல் வெளிவந்தது. சுல்தானகம் மறைந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர். அரசாண்டவர்கள் செய்யாததைப் புலவர் செய்தனர். நம் சமுதாயத்துக்குத் தமிழில் நிலைத்த இடம் தந்தது சிக்கா அன்று, செய்யுளே.

ஆயினும் காசினைப் படிக்கும் கல்வியைத் தமிழ்த்துறைகள் வரலாற்றுத் துறைக்குரியதென ஒதுக்கிவிடலாகாது. அச்சு, காசு, பணம், பொன், வராகன், துட்டு, சல்லி என்று நம் பேச்சிலும் கல்வெட்டிலும் புழங்கும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு வரலாறு. கொற்கைக்கருகே அக்கசாலை என்று ஓர் ஊர் இன்றும் உள்ளது. பாண்டியரின் காசு அடிக்கும் இடத்தின் பெயர் ஊர்ப்பெயராக நின்றுவிட்டது. சென்னையில் தங்கசாலைத் தெருவில் நாள்தோறும் நடப்போருள் எத்தனை பேர் அப்பெயரின் பொருளை எண்ணுகின்றனர்?

சமுதாயப் பெரியோர்க்கு என் வேண்டுகோள் இதனினும் எளியது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், காரைக்கால் முதலிய ஊர்களில், கொழும்புக்கும் இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் சென்று பொருளீட்டிய குடும்பங்களின் பழம்பெட்டிகளில் அந்நாட்டுக் காசுகள் கிடக்கின்றன. வீடு பிரிக்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும் அவை நேரே பொற்கொல்லரிடம் போய் உருகுகின்றன. வெள்ளியின் விலை கிடைக்கும். பாட்டனார் எந்தக் கப்பலில் எந்த ஆண்டு போனார் என்ற செய்தி கிடைக்காது. உருக்குமுன் வீட்டிலுள்ள மூதாட்டியிடம், “இது எங்கிருந்து வந்தது உம்மா?” என்று கேட்டு ஒரு தாளில் எழுதிவைத்தல் நன்று. உழும்போதோ கிணறு தோண்டும்போதோ கிடைப்பவற்றுக்கு மட்டும் வேறு நெறி உண்டு: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதனை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் கடமை. பொன், வெள்ளிக் காசுகளைச் சேர்த்துவைத்திருப்போர் ஜகாத்துக் கணக்கில் அவற்றை மறந்துவிடக் கூடாது. இருபது தீனார் என்ற பொன்னின் நிஸாப் ஏறத்தாழ 85 கிராம், இருநூறு திர்ஹம் என்ற வெள்ளியின் நிஸாப் ஏறத்தாழ 595 கிராம் என்பதை அறிவோம். சேகரிப்புக் காசுகளுக்குரிய விளக்கத்தை ஆலிம்களிடம் பெறுதல் வேண்டும்.

கல்லூரி நூலகத்தில் பூட்டும் கண்ணாடியும் உடைய ஒரு சிறு பேழையும், தடித்த அட்டைப் பேரேடு ஒன்றும் இருந்தால் பணி தொடங்கலாம். அரபுத் துறை மாணவர் எழுத்தைப் படிப்பர். வரலாற்று மாணவர் ஆண்டைக் கணிப்பர். தமிழ் மாணவர் விளக்கம் எழுதுவர். மூன்று துறைகளும் ஒரு மேசையில் அமரும் வாய்ப்பு நம் கல்லூரிகளில் அரிது. மற்றக் கல்லூரிகளுக்கோ அரபுத் துறையே இல்லை. ஆகவே இப்பணியைச் செய்யும் தகுதியும் கடமையும் நம்முடையவை.

அப்பேழைக்கு முதற்காசாகச் சிக்கந்தர் ஷாவின் காசைத் தர எண்ணியிருக்கிறேன். அதன் அருகே வைக்க வேண்டிய குறிப்பையும் எழுதிவிட்டேன். பெருமையோ பழியோ சேர்க்கவில்லை. உலோகம், செம்பு. ஆண்டு, ஹிஜ்ரி 779. பெயர், அலாவுத்தீன் சிக்கந்தர் ஷா. கிடைத்த இடம் என்ற வரிக்கு எதிரே எழுதுவதற்கு மட்டும் என்னிடம் ஒன்றும் இல்லை. வணிகரைக் கேட்டேன், தெற்கே ஒரு பாத்திரக் கடையில் பழைய செம்போடு செம்பாக எடைக்கு வந்தது என்றார். ஊரின் பெயர் அவருக்கும் நினைவில்லை.